அக்காவின் வாக்குமூலம்

அக்கா நெடுநேரம் கையால் பேசினாள். கணவன் இறந்தது, துக்கம் விசாரிக்க வந்த கணவனின் அண்ணனும் அவர் மனைவியும் "கொஞ்ச நாள் எங்களோட இருக்கட்டும்" என்று குழந்தையைத் தூக்கிக்கொண்டு போனது, திருப்பிக் கேட்கப் போனபோது கதவுச் சங்கிலியைக் கழற்றாமலே பேசி அனுப்பியது, ஜன்னல் கண்ணாடிக்குப் பின்னால் பிள்ளையின் தலை மட்டும் தெரிந்தது என்று ஒன்று விடாமல் சொன்னாள். சொல்லி முடித்துக் கையை இறக்கிவிட்டு நீதிபதியைப் பார்த்தாள். நீதிபதி, அவளுக்குப் பக்கத்தில் நின்றிருந்த அதே அண்ணனைப் பார்த்தார். அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"குழந்தை எங்க இருந்தாலும் நல்லா இருந்தா போதும்ங்கறாங்க, ஐயா."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பின்வரிசை பெஞ்சிலிருந்து எழுந்து, "பொய்! அவ அப்படிச் சொல்லவே இல்ல!" என்று கத்திவிட்டேன். சேவகர் ஓடிவந்து, "இன்னொரு வாட்டி சத்தம் போட்டா வெளிய அனுப்பிடுவேன், உக்காருங்க" என்றார். உட்கார்ந்தேன். நான் ஒரு மருத்துவமனையில் தொலைபேசி இணைப்புக் கொடுக்கிற வேலை பார்க்கிறவள். நாள் முழுக்க யாரோ யாரிடமோ சொல்ல வேண்டியதைச் சரியான இடத்தில் கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் என் பிழைப்பு. என் கண்ணெதிரே என் அக்காவின் பேச்சு பாதி வழியில் அறுந்து போவதைப் பார்த்துக்கொண்டு வாயைப் பொத்தி உட்கார்ந்திருந்தேன்.

அக்காவுக்குப் பிறவியிலேயே காது கேட்காது. அவளை மணந்த அத்தானுக்கும் அப்படித்தான். அச்சகத்தில் இயந்திரம் ஓட்டிக்கொண்டிருந்தார். அந்த இரைச்சலில் மற்றவர்களெல்லாம் காதைப் பொத்திக்கொண்டு வேலை செய்ய, இவர் மட்டும் பூங்காவில் உலாவுவது போல நடமாடுவாராம். அவர்களுக்குப் பிறந்த சிட்டுக்கு இரண்டு காதும் நன்றாகக் கேட்கும். வாய் திறந்து 'அம்மா' என்று சொல்லும் முன்பே கையால் 'பால்' என்று கேட்ட பிள்ளை. காய்ச்சல் என்று படுத்த அத்தான் திரும்ப எழுந்திருக்காமலே போனபோது அவளுக்கு நான்கு வயது.

அத்தானின் அண்ணனைக் கெட்டவர் என்று என்னால் சொல்ல முடியவில்லை. தம்பியைக் கேலி செய்த பையன்களோடு சிறுவயதில் சட்டை கிழியச் சண்டை போட்டவர். அவருக்குப் பிள்ளை இல்லை. சிட்டுக்குத் தம்பியின் மூக்கு அப்படியே வாய்த்திருந்தது. அந்த மூக்கைப் பார்த்துக்கொண்டே அவர் மணிக்கணக்கில் உட்கார்ந்திருப்பார். முதலில் அவருக்கு இருந்தது ஆசை மட்டும்தான். அவர் மனைவி அதற்கு நியாயம் தேடிக்கொடுத்தார். "ஊமை வீட்டுல வளர்ந்தா பிள்ளையும் ஊமையாத்தான் போகும். ராத்திரி அழுதா எழுந்து பாக்கக்கூட ஆளில்ல" என்று அவர் சொல்லச் சொல்ல, ஆசை கடமையாகி, கடமை வழக்காகிவிட்டது.

அன்று எங்களுக்கு வக்கீல் கிடையாது. உண்மையைச் சொல்ல வக்கீல் எதற்கு என்று கிளம்பிப்போன அசடுகள் நாங்கள். அக்காவின் பேச்சை நானே சொல்லிவிடுகிறேன் என்று எழுந்து நின்றேன். எதிர்த்தரப்பு வக்கீல் விடவில்லை. "கூடப் பொறந்தவங்க, ஐயா. இல்லாததையும் பொல்லாததையும் சேர்த்துச் சொல்லுவாங்க" என்றார். நீதிபதி மேஜையில் வழக்குக் கட்டுகள் அவர் மார்பு உயரத்துக்கு இருந்தன. "இந்தப் பாஷை தெரிஞ்சவங்க வேற யாரும் இருக்கீங்களா?" என்று களைப்போடு கேட்டார். அப்போதுதான் அத்தானின் அண்ணன், சிட்டுவின் பெரியப்பா, கையைத் தூக்கினார். "என் தம்பியோடயே வளர்ந்தவன், ஐயா. எனக்கு அத்துப்படி." சிக்கல் தீர்ந்தது என்று நீதிபதி பெருமூச்சு விட்டார். வழக்குப் போட்டவரே எதிராளிக்கு வாயாகவும் ஆகிவிட்ட கூத்து அந்த அறையில் யாருக்கும் உறைக்கவில்லை.

நான் கத்தி அடங்கிய பிறகு நீதிபதி, "குழந்தையை உங்ககிட்டயே விட சம்மதமான்னு அவங்களைக் கேளுங்க" என்றார்.

பெரியப்பா அக்காவின் பக்கம் திரும்பினார். கொஞ்சம் தயங்கினார். பிறகு அவர் கை கேட்டது வேறொன்று. "குழந்தை நல்லா இருக்கணும்னு ஆசைதானே?"

தலையை ஒருமுறை ஆட்டினால் தீர்ந்தது கதை. எந்தத் தாய்தான் அதற்கு இல்லை என்பாள்? நான் பல்லைக் கடித்துக்கொண்டு அக்காவையே பார்த்தேன். அவளுக்குக் காதுதான் கேட்காது. தான் அவ்வளவு நேரம் பேசியதற்கு இவர் உதடு அசைந்தது எவ்வளவு கொஞ்சம் என்று அவள் பார்த்திருந்தாள். நான் எழுந்து கத்தியதைப் பார்த்திருந்தாள். அவள் தலை அசையவில்லை. இரண்டு கைகளையும் மெல்ல எடுத்து, அக்குளுக்குள் செருகிக்கொண்டு, நேராக நின்றாள்.

"என்ன சொல்றாங்க?"

"ஒண்ணும் சொல்லல, ஐயா. கோவம் வந்தா இப்படித்தான்."

அது கோபம் இல்லை. பேச்சு முழுதும் கையில் இருக்கிற ஒருத்தி, அதை வேறொருவர் கையாளக் கொடுக்க மாட்டேன் என்று பூட்டிவைத்துக்கொள்கிறாள். நீதிபதி எத்தனையோ கேட்டுப் பார்த்தார். பெரியப்பா எத்தனையோ கை அசைத்துப் பார்த்தார். கடைசியில், அடுத்த விசாரணை வரைக்கும் குழந்தை இருக்கிற இடத்திலேயே இருக்கட்டும் என்று எழுதிவிட்டு அடுத்த கட்டைப் பிரித்தார்.

அக்கா கேக் கடை ஒன்றில் கிரீமால் பூ வைக்கிற வேலை செய்கிறாள். நீதிமன்றத்திலிருந்து நேராக அங்கேதான் போனாள். அன்று அவள் வைத்த ரோஜாக்கள் எல்லாம் முட்டைக்கோஸ் மாதிரி இருந்தன என்று கடை முதலாளியம்மா பிறகு சொன்னார். வாடிக்கையாக வருகிற வக்கீலம்மா ஒருவரிடம் எங்களை அனுப்பிவைத்ததும் அவர்தான்.

வக்கீலம்மா பருமனானவர். இரண்டு மாடி ஏறிவந்தால் ஒரு மாடி அளவுக்கு மூச்சு வாங்கிவிட்டுத்தான் பேசத் தொடங்குவார். கறுப்பு அங்கி முழுக்க பிஸ்கட் துகள். நான் நடந்ததைப் படபடவென்று கொட்டத் தொடங்கியதும் கையைக் காட்டி நிறுத்தினார்.

"நான் உங்க அக்காகிட்டதான் கேக்கறேன். நீ இப்ப டெலிபோன் மாதிரி. டெலிபோனைப் பாத்து யாராவது பேசுவாங்களா?"

அதற்குப் பிறகு அவர் என் பக்கம் திரும்பவே இல்லை. அக்காவின் முகத்தைப் பார்த்துக் கேட்டார், அக்காவின் முகத்தைப் பார்த்துக் கேட்டுக்கொண்டார். எங்கள் அம்மா அப்பா காலத்திலிருந்து எந்த அலுவலகத்துக்குப் போனாலும், எந்த டாக்டரிடம் போனாலும், எல்லோரும் என்னைப் பார்த்து "என்னவாம் அவங்களுக்கு?" என்று கேட்டுத்தான் பழக்கம். அக்கா நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டாள்.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு வக்கீலம்மா சொன்னார். "கொலை பண்ணவனா இருந்தாலும் அவனுக்குப் புரியற பாஷையில சொல்லி, அவன் சொல்றதக் கேட்டுட்டுத்தான் தீர்ப்பு எழுதணும். எல்லாரும் சட்டத்துக்கு முன்னாடி சமம்னு நம்ம அரசியல் சாசனத்துல எழுதியிருக்கு. கேக்காமலே ஒருத்தர் பிள்ளையைப் பறிக்க முடியாது. இது சலுகை இல்லம்மா. பரிதாபப்பட்டுக் குடுக்கறதும் இல்ல. உரிமை."

நான் கையைத் தூக்கினேன், அப்படியே நின்றுவிட்டேன். உரிமை என்ற சொல்லுக்கு எனக்குக் கைப்பேச்சு தெரியவில்லை. எங்கள் வீட்டில் அந்தச் சொல்லுக்குத் தேவையே வந்ததில்லை போலிருக்கிறது. 'அனுமதி' என்று காட்டினேன். அக்கா புருவத்தைச் சுளித்தாள்.

"யார் குடுத்த அனுமதி?"

வக்கீலம்மாவிடம் கேட்டேன். "யாரும் குடுக்கல. பொறக்கும்போதே கூட வந்தது. அதான் யாரும் எடுத்துக்கவும் முடியாது" என்றார்.

அக்கா வலது கையை மார்பில் பதித்துக்கொண்டு, இடது கையால் அதன் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தாள். கை வரவில்லை. இன்னும் பலமாக இழுத்தாள். அப்போதும் வரவில்லை. 'இதுவா?' என்பது போல வக்கீலம்மாவைப் பார்த்தாள். வக்கீலம்மாவும் தன் கையை மார்பில் வைத்து இழுத்துப் பார்த்தார். அவர் இழுத்த வேகத்தில் நாற்காலி கிறீச்சிட்டது. அத்தான் போன பிறகு அக்கா சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

அக்காவுக்கு மொழிபெயர்ப்பாளரை அரசே தர வேண்டும் என்று கேட்டு வக்கீலம்மா மேல் நீதிமன்றத்துக்குப் போனார். அங்கே கூரை அவ்வளவு உயரம். பேசுகிற ஒவ்வொருவரின் குரலும் மேலே போய் இடித்துவிட்டுத் திரும்பி வந்தது. இரண்டு நீதிபதிகள், அதில் ஒருவர் பெண். அரசுத் தரப்பு வக்கீல் மழுப்பலாகப் பேசினார். சைகைமொழி பெயர்ப்பாளர் என்று ஒரு பதவியே கிடையாது, குடும்பத்தார் உதவியோடு நடத்துவதுதான் வழக்கம், ஒருவருக்குச் செய்தால் எல்லோரும் கேட்பார்கள்.

"கேட்டா என்ன?" என்றார் நீதிபதி அம்மையார். "எதிர்த்தரப்பு வக்கீலே உங்களுக்காகவும் வாதாடட்டும்னு நான் இப்ப உத்தரவு போட்டா, ஒத்துக்குவீங்களா?"

அரசு வக்கீல் வக்கீலம்மாவைத் திரும்பிப் பார்த்தார். வக்கீலம்மா பெருந்தன்மையோடு தலையை ஆட்டி, "எனக்கு ஆட்சேபணை இல்லைங்க" என்றார். அறை முழுக்கச் சிரிப்பு. நான் பின்வரிசையில் உட்கார்ந்து ஒவ்வொரு சொல்லையும் அக்காவுக்குக் கையால் சொல்லிக்கொண்டிருந்ததால், அவள் சிரிப்பு மட்டும் கொஞ்சம் பிந்தி வந்தது.

அந்தச் சமயத்தில் ஒரு சேவகர் வந்து என் தோளைத் தட்டினார். "கையை ஆட்டாதீங்க. கோர்ட்டுக்கு மரியாதை இல்ல." நான் கையை இறக்கிவிட்டேன். அதை மேடையிலிருந்து அம்மையார் பார்த்துவிட்டார்.

"விடுங்க. அவங்க பேசட்டும். இந்த வழக்கே அதுக்காகத்தானே?"

சேவகர் பின்வாங்கினார். நான் கையைத் தூக்கினேன். வழக்கமாக வெளியிடங்களில் மடிக்கு மேலே, யாருக்கும் தெரியாமல், சின்னச் சின்ன அசைவாகத்தான் பேசுவோம். அன்று எனக்கே தெரியாமல் என் கைகள் தோள் உயரத்துக்கு எழும்பின. அந்த உயரத்தில்தான் தீர்ப்பை அக்காவுக்குச் சொன்னேன். பேச விடாமல் நடத்திய விசாரணை, விசாரணையே ஆகாது. எந்தத் தரப்பையும் சாராத ஒரு மொழிபெயர்ப்பாளரை அரசே நியமிக்க வேண்டும். இந்த வழக்கில் மட்டுமல்ல, இனி காது கேளாதவர் வந்து நிற்கிற ஒவ்வொரு நீதிமன்றத்திலும்.

அக்கா கடைசி வரியை மறுபடி சொல்லச் சொன்னாள். "எல்லாருக்குமா?" என்று கேட்டாள். எல்லாருக்கும் என்றேன். அவளோடு பள்ளியில் படித்தவர்கள், அத்தானின் நண்பர்கள் என்று ஒவ்வொருவராக நினைத்துப் பார்க்கிறாள் என்று அவள் முகத்திலிருந்து தெரிந்தது. வெளியே வந்ததும் முதல் வேலையாகக் கைபேசியை நிமிர்த்திப் பிடித்து, அதில் தெரிந்த முகங்களுக்குச் சொல்லத் தொடங்கினாள். படிக்கட்டில் நின்று அவள் கை வீசிய வீச்சில் இறங்கி வந்தவர்களெல்லாம் ஒதுங்கிப் போனார்கள்.

மறுபடி அதே பழைய அறை, அதே நீதிபதி. இந்த முறை அரசு நியமித்த மொழிபெயர்ப்பாளராகக் கறுப்புச் சட்டை போட்ட ஒருவர் வந்திருந்தார். தடித்த மீசை, கட்டைக் குரல். காது கேளாத தாய் தகப்பனுக்குப் பிறந்தவராம். முதலிலேயே நீதிபதியிடம் ஒன்றைத் தெளிவாகச் சொன்னார். "அவங்க பேசறத நான் 'அவங்க சொல்றாங்க'ன்னு சொல்ல மாட்டேன், ஐயா. 'நான்'னுதான் சொல்லுவேன். அது அவங்க பேச்சு. என் பேச்சு இல்ல."

அக்கா அக்குளிலிருந்து கைகளை எடுத்தாள். அதாவது, அன்று உள்ளே செருகிய கையை இன்றுதான் எடுப்பது போல எனக்குத் தோன்றியது. பேசத் தொடங்கினாள்.

"நான் இவளைப் பெத்தவ," என்றார் மீசைக்காரர். "வலி எடுத்தப்போ நான் எப்படிக் கத்தினேன்னு எனக்குத் தெரியாது. நர்ஸ் காதைப் பொத்திக்கிட்டாங்க, அதுலேர்ந்துதான் தெரிஞ்சுக்கிட்டேன்."

வாசல் பக்கம் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். கொஞ்ச நேரம்தான். பிறகு அந்த மீசையும் கட்டைக் குரலும் மெல்ல மெல்ல எங்கோ போய்விட்டன. அறையில் அக்கா மட்டும் இருந்தாள். அன்று சொன்ன அத்தனையையும் மறுபடி சொன்னாள். கதவுச் சங்கிலி, ஜன்னல் கண்ணாடி, எதுவும் குறையவில்லை. நீதிபதி எழுதுவதை நிறுத்திவிட்டுக் கேட்டார்.

"ராத்திரி குழந்தை அழுதா உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"பொறந்த நாள்லேர்ந்து அவ கால் என் வயித்து மேலதான் இருக்கும். அழறதுக்கு முன்னாடி கால் விரலை மடக்குவா. அவ வாயைத் திறக்கறதுக்குள்ள நான் எழுந்திருப்பேன். காது கேக்கற அம்மாங்க பிள்ளை அழுத அப்புறம்தானே எழுந்திருக்காங்க?"

எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்தார். "சரி, பேச்சு? வீட்டுல வாய்ப்பேச்சே இல்லாம குழந்தை எப்படிப் பேசக் கத்துக்கும்?"

அக்கா என்னைக் கை காட்டினாள். "தெனமும் என் தங்கச்சி வீட்டுக்கு வருவா. அவகூட இருந்து யாராவது பேசாம இருந்திருக்காங்களான்னு விசாரிச்சுப் பாருங்க."

நீதிபதி என்னைப் பார்த்தார். முதல் நாள் போட்ட சத்தம் அவருக்கு நினைவு வந்திருக்க வேண்டும். தலையைக் குனிந்து சிரிப்பை மறைத்துக்கொண்டார்.

கடைசியாக, குழந்தையின் பெரியப்பாவைப் பற்றி ஏதாவது சொல்ல வேண்டுமா என்று கேட்டார். அக்கா அவரைத் திரும்பிப் பார்த்தாள். அவர் தலை கவிழ்ந்திருந்தது. அவர் நிமிர்கிற வரைக்கும் காத்திருந்துவிட்டு, அவர் கண்ணைப் பார்த்தே சொன்னாள்.

"அவர் என் பிள்ளைக்குப் பெரியப்பா. அதை எந்தக் கோர்ட்டும் மாத்த முடியாது. ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை வரட்டும். சாப்பிட்டுட்டுப் போகட்டும். ஆனா எனக்கு வாயா இருக்க வேண்டாம்."

பெரியப்பா அதற்கு மொழிபெயர்ப்பாளரை எதிர்பார்க்கவில்லை. மீசைக்காரர் சொல்லி முடிக்கும் முன்பே அவர் கண் கலங்கிவிட்டது.

பிறகு குழந்தையைக் கூட்டிவரச் சொன்னார்கள். புதுக் கவுன், இறுக்கிப் பின்னிய தலை. பெரியம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து, இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டாள். கையை ஆட்டினால் அந்த வீட்டில் அதட்டுவார்களாம். எத்தனையோ மாதம் கழித்து அம்மாவைப் பார்க்கிற பிள்ளை, ஓடிவரவில்லை, அழவில்லை, பார்த்துக்கொண்டே இருந்தாள். அக்காவும் கையை மடியிலேயே வைத்திருந்தாள். பிள்ளையை இழுத்துக்கொள்ளக் கூடாது, அவளாக வர வேண்டும் என்று நினைத்தாளோ என்னவோ. கைப்பேச்சையே பிள்ளை மறந்துவிட்டாளோ என்று தொடைக்கு அடியில் இருந்த அந்தக் கைகளையே பார்த்தேன்.

வக்கீல்கள் எதையோ பேசிக்கொண்டிருந்தார்கள். அப்போது சம்பந்தமே இல்லாமல் மீசைக்காரர் குரல் உரக்கக் கேட்டது.

"அம்மா, உன் தலையில வெள்ளை முடி."

எல்லோரும் திடுக்கிட்டுத் திரும்பினார்கள். நீதிபதி கண்ணாடியைக் கழற்றினார். "யாருங்க அது? யார் சொன்னது?"

"குழந்தை, ஐயா."

சிட்டுவின் ஒரு கை தொடைக்கு அடியிலிருந்து வெளியே வந்திருந்தது. பெஞ்சின் ஓரத்தில், பெரியம்மாவுக்குத் தெரியாத பக்கத்தில், விரல்கள் மட்டும் அசைந்துகொண்டிருந்தன. தன் ரகசியம் ஓர் ஆணின் குரலில் ஊருக்கே கேட்டுவிட்டதில் அவளுக்கு ஒரே ஆச்சரியம். மீசைக்காரரைப் பார்த்தாள். சோதித்துப் பார்ப்பது போல இன்னொரு முறை விரலை அசைத்தாள்.

"உங்க மீசை பிரஷ் மாதிரி இருக்கு," என்றார் அவர், முகம் மாறாமல்.

அவ்வளவுதான். அடுத்த கையும் வெளியே வந்தது. பெரியம்மா பிடிக்கப் போன கையைப் பெரியப்பாவே தடுத்தார். சிட்டு பெஞ்சிலிருந்து குதித்து இறங்கி, நடுக்கூடத்தில் நின்று, அம்மாவைப் பார்த்துப் பேசத் தொடங்கினாள். பள்ளிக்கூடம், பல் விழுந்தது, பூனை, கவுன் குத்துகிறது, அப்பா எங்கே என்று யாரும் சொல்லவில்லை, நீ ஏன் வரவில்லை, ஏன் வரவில்லை. மீசைக்காரரால் அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியவில்லை. பாதியில் அவர் குரல் உடைந்தது. தண்ணீர் வாங்கிக் குடித்தார். யாரும் அவரை அவசரப்படுத்தவில்லை.

தீர்ப்பைச் சொல்லும்போது நீதிபதி மீசைக்காரரைப் பார்க்கவில்லை. அக்காவைப் பார்த்துச் சொன்னார். "அன்னைக்கு இங்க நடந்தது சரியில்லம்மா. குழந்தையை உங்க வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க."

வாசலில் பெரியப்பா இரண்டு பைகளோடு நின்றிருந்தார். பிள்ளையின் துணிமணிகள். பைகளைக் கீழே வைத்துவிட்டு, தம்பி இறந்த பிறகு முதல்முறையாகக் கலப்படமில்லாமல், அந்தக் கைப்பேச்சில் சொன்னார். "தூங்கறப்போ போர்வையை உதைச்சுத் தள்ளிடறா. பாத்துக்கோ."

"எனக்குத் தெரியாதா?" என்றாள் அக்கா. பிறகு என்ன நினைத்தாளோ, "ஞாயித்துக்கிழமை" என்று சேர்த்துச் சொன்னாள். அவர் தலையசைத்தார். அவர் மனைவி காரில் ஏறி, கதவைச் சாத்திக்கொண்டு, எங்கள் பக்கமே பார்க்கவில்லை.

பேருந்து நிறுத்தம் பக்கத்தில்தான். ஆனால் போய்ச் சேரவே முடியவில்லை. இரண்டு பைகளையும் அக்காவே தூக்கிக்கொண்டாள். நான் கேட்டும் தரவில்லை, அந்தத் துணிகளை இன்னொருவர் கையில் விட அவளுக்கு மனம் வரவில்லை. சிட்டு அவளுக்கு முன்னால் பின்பக்கமாக நடந்தபடி கேள்விமேல் கேள்வியாகக் கேட்டாள். ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்ல அக்கா பைகளைக் கீழே வைக்க வேண்டியிருந்தது. வைப்பாள், சொல்வாள், தூக்குவாள், நாலடி நடப்பதற்குள் அடுத்த கேள்வி வந்துவிடும். மறுபடி வைப்பாள். நடைபாதையில் வந்தவர்கள் முணுமுணுத்துக்கொண்டே இவர்களைச் சுற்றிக்கொண்டு போனார்கள்.

நிறுத்தத்துக்குக் கொஞ்சம் முன்னால் ஏதோ பெரிய கேள்வியாக வந்துவிட்டது. அக்கா பைகளை வைத்துவிட்டுத் தரையிலேயே குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டாள். எங்கள் பேருந்து வந்து நின்றது. கதவு திறந்தது. இருந்தவர்கள் ஏறினார்கள். ஓட்டுநர் எங்களைப் பார்த்து ஹாரனை அழுத்தினார்.

அக்கா திரும்பவில்லை. சிட்டுதான் திரும்பினாள். நடைபாதையில் காலை ஊன்றி நின்று, அந்தப் பெரிய வண்டியைப் பார்த்து, கையை நீட்டி, உள்ளங்கையை விரித்துக் காட்டினாள். இரு. பிறகு அம்மாவின் பக்கம் திரும்பி, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தாள்.